பேனா நின்ற இடம்

திங்களன்று குத்திய ஊசியை
வியாழனன்று வாசிக்க வேண்டும்.
வாசிப்பது என்றுதான் சொல்கிறார்கள்,
முன்கை என்னவோ ஒரு தாள் என்பதுபோல.

உலான்பாதரில் மைனஸ் இருபத்தொன்பது.
நாற்பத்தொரு பேர்
நான்கடுக்கு உடுப்பையும் கழற்றி
ஆளுக்கொரு கை நீட்டுகிறார்கள்.
ஈரக் கம்பளி வாசனை,
முடியில் தங்கிய நிலக்கரிப் புகை,
ஜன்னலோரம் யாரோ உரிக்கும் ஆரஞ்சு.

வகுப்புத் தலைவி என்பதால்
அளவுகோல் என் கையில்.

சிவப்பை நம்பாதே, அது முதல் விதி.
சிவப்பு வெறும் கோபம், அடங்கிவிடும்.
தடிப்பைத் தேடு.
விரல் சொல்வதைக் கேட்டுவிட்டு
பந்துமுனைப் பேனாவை
தோலின் குறுக்கே மெல்ல ஓட்டி வா.
எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே ஒரு கரை.
எதிர்ப்பக்கமிருந்தும் அப்படியே.
இரு கரைக்கும் நடுவில் கிடப்பதை
மில்லிமீட்டரில் எழுது.

தெமூலென், பூஜ்யம்.
பூஜ்யம் வாங்கிவிட்டு
இப்படிச் சிரித்தவனை நான் பார்த்ததில்லை.
தவாசூரன், ஆறு.
அவன் அக்காள் மகள், ஏழு.
(மாமனும் மருமகளும் ஒரே வகுப்பு,
அது வேறு கதை.)

எல்லோர் இடத் தோளிலும்
அந்த வட்டத் தழும்பு இருக்கிறது.
பெயர் வைக்கும் முன்பே போட்டது.
இருபது வருடம் கழித்துக் கை தடித்தால்
அது தடுப்பூசியின் ஞாபகமா,
அழையாமல் வந்து உள்ளே
படுத்துக்கொண்ட கிருமியா?
பாடப்புத்தகம் இந்த இடத்தில்
"இருக்கலாம்" என்ற சொல்லை
ஒரே பக்கத்தில் ஐந்து முறை எழுதியிருக்கிறது.
நான் எண்ணினேன்.

பிறகு சோல்சயா.

மூன்று வாரம் முன்பு அவளுக்கு மூன்று.
இன்று பேனா சீக்கிரமே நின்றது.
மறுபக்கமிருந்தும் சீக்கிரமே.
பதினான்கு.

முதல் ஊசி தூங்குகிற ஞாபகத்தைத் தட்டும்,
இரண்டாவது ஊசிக்கு அது எழுந்து பதில் சொல்லும்,
அவ்வளவுதான், பயப்படாதே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவளும் அதே புத்தகத்தைப் படித்தவள்.

முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பு
ஏழாம் வார்டில்
ஹோவ்ட்டிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்
இரவெல்லாம் இருமினார்.
இரண்டு மணிவரை அவள் கிண்ணம் பிடித்தாள்.
இரண்டு மணிக்குமேல் நான்.
மூச்சு முட்டுகிறதென்று
அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டபோது
கடிகாரத்தில் என்ன மணி என்று
நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

பத்தைத் தாண்டினால் எக்ஸ்ரே, ரத்தம்,
மாதக்கணக்கில் மாத்திரை,
விடுதிக் காரியதரிசியின் பார்வை.
பேனாவை இரண்டு முடி அகலம்
இப்படி, இரண்டு முடி அகலம் அப்படி
தள்ளி நிறுத்தலாம்.
நீல மை யாரிடம் போய்ச் சொல்லப் போகிறது?

"எழுது" என்றாள்.
எழுதினேன். பதினான்கு.
நான்கின் கால் நடுங்கியிருந்தது.

தன் கையைத் தானே வாசிக்கக் கூடாது,
அது கடைசி விதி.
மற்றவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
சோல்சயா பேனாவை வாங்கிக்கொண்டாள்.
விரல் ஐஸாக இருந்தது.
ஒரு முறை ஓட்டினாள்,
பஞ்சால் துடைத்துவிட்டு இன்னொரு முறை,
அளவுகோலை விளக்குப் பக்கம் சாய்த்தாள்.

"எட்டு."

நான் குனிந்து பார்க்கவில்லை.
சட்டைக் கையை இறக்கி, ஸ்வெட்டர் இறக்கி,
கோட்டு மாட்டி,
பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து
பரீட்சை அட்டவணை பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

இரவு போர்வைக்குள்
கட்டைவிரல் தானாகவே அங்கே போயிற்று.
ஒரு மேடு.
மைக்கோட்டில் தொடங்கவில்லை அது,
முடியவும் இல்லை.

எதிர்க்கட்டிலில் சோல்சயா
தூங்காமல் புரண்டாள்.
"தூங்கு" என்றாள்.